சவரிமுத்து சார் உள்ளே வந்தார்

பிலோ அக்காவின் கைபேசி மேசைமேல் ஒருமுறை அதிர்ந்து நின்றது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நகர்த்தினார்.

‘சவரிமுத்து உள்ளே வந்தார்’ என்றிருந்தது. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

சவரிமுத்து சார் அக்காவின் கணவர். கோடை முடியும் முன்பே அவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருந்தோம். நானும் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டேன். இப்போது மழைக்காலம். கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் ஏற்றிய மெழுகுவத்திகளின் மெழுகு அந்தச் சிலுவைக்கடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“தினமுமாக்கா?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல. பூசைக்குப் போயிடுவாரு போல” என்றார் அக்கா, மிகச் சாதாரணமாக.

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தார். இருந்தது நாங்கள் இரண்டு பேர். பிறகு போய் வாசல் கதவை அகலத் திறந்தார்.

கீழே லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. பழைய லிஃப்ட், முனகிக்கொண்டேதான் ஏறும். முதல் மாடியைத் தாண்டியது. நாங்கள் இருந்த இரண்டாம் மாடிக்கு வந்தது. அதன் கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் ஒரு நொடி தெரிந்தது. நிற்காமல் மேலே போய்விட்டது.

“இன்னிக்கும் மேல போயிட்டாரு” என்றார் அக்கா. மூன்றாவது கோப்பையை ஒரு தட்டால் மூடி வைத்தார்.

செருப்பைக்கூட மாட்டாமல் படியில் இறங்கி ஓடினேன். அடையாற்றின் அந்தச் சின்னத் தெருவில் ஆள் இல்லை. கேட் மூடியிருந்தது. உள்ளே ஈரச் சிமெண்டில் ஏதோ ஒரு வண்டி வந்து திரும்பிப்போன சக்கரத் தடம் மட்டும் இருந்தது. கேட் தூணில் பொருத்தியிருந்த கேமரா என்னையே பார்த்தபடி, “மன்னிக்கவும், உங்களை அடையாளம் தெரியவில்லை” என்றது.

திரைச்சீலைக்குப் பின்னால் படித்த பாடம்

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் யாரென்று தெரியும். புதிதாக வருபவர்களுக்காக: நான் சட்டம் கற்பிப்பவள். கணினியும் கைபேசியும் மனிதர்களைப் பற்றிச் சேர்த்துவைக்கும் தகவல்களை யார் வைத்திருக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதுதான் என் துறை. தனியுரிமை என்று சொன்னால் ஒரு காலத்தில் எங்கள் கல்லூரி ஊழியர் அறையிலேயே, “அது என்ன, ரியல் எஸ்டேட் சமாச்சாரமா?” என்று கேட்டார்கள். இன்று மாதம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பொன்னாடை கொடுக்கும் முன் என் கைபேசி எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்தத் துறையில் ஆசை எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். பெரிய காரணம் எதுவும் இல்லை. சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள் நான். சனிக்கிழமை மாலை, செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்போம். ஊதா நிறத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சாமியார். இந்தப் பக்கம் முழங்காலில் நான். தம்பியின் மிட்டாயைத் திருடியதைச் சொன்னால் அது அந்தத் திரையைத் தாண்டி வெளியே போகாது. வீட்டில் அப்பா கேட்டாலும் சாமியார் சொல்லமாட்டார். உலகத்தில் ஒரு ரகசியத்துக்கு இவ்வளவு பாதுகாப்பா என்று அந்த வயதில் அப்படியே மலைத்துப்போனேன். இன்று நான் வகுப்பில் சொல்வதெல்லாம் அந்தத் திரைச்சீலையைச் சுற்றித்தான்.

கல்லூரி நாட்களில் நான் தங்கிய விடுதியில், வந்த கடிதங்களையெல்லாம் பிரித்து வாசித்துவிட்டுக் கொடுத்த வார்டனும் இருந்தார். அவரைப் பற்றி முன்பே எழுதி நிறையத் திட்டு வாங்கிவிட்டேன். விட்டுவிடுகிறேன்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள். “எதுக்கு?” என்றேன். “சிஸ்டம் கேக்குது மேடம்” என்றாள் அந்தப் பெண். தரமாட்டேன் என்று நான் நிற்க, பின்னால் தீபாவளிக் கூட்டம் முட்ட, கடைசியில் பக்கத்தில் இருந்த அம்மா பொறுக்கமாட்டாமல் தன்னுடைய எண்ணைக் கொடுத்துவிட்டாள். பிறந்தநாளையும் சேர்த்தே கொடுத்தாள். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அவளுடைய கைபேசி என் அலமாரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அது ஒளிரும். ‘இன்னும் நூறாண்டு வாழ்க’ என்று அந்தக் கடை அவளை வாழ்த்தும். அந்த எண்ணை ரத்து செய்துவிட்டால் தீர்ந்தது. எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். நான் செய்யவில்லை.

அதனால்தான் பிலோ அக்கா அந்த மூன்றாவது கோப்பையை எடுத்து வைத்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

கதவு மறந்த முகம்

பிலோமினா அக்கா எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பள்ளியில் மிஸ், பங்குக் கோயிலில் அக்கா. சவரிமுத்து சார் பையன்கள் பள்ளியில் பூகோளம் எடுத்தார். ஓய்வு பெற்றபின் இருவரும் சாந்தோமை விட்டு அடையாற்றில் இரண்டாம் மாடி வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். ஆனாலும் சாருக்குக் கடற்கரையை விட்டு இருக்க முடியாது. தினமும் மாலை நொச்சிக்குப்பம் போவார். ரோட்டோரம் மீன் விற்கும் பெண்களிடம் அரை மணி நேரம் பேசி, கொஞ்சம் சங்கரா வாங்கிக்கொண்டு, ஏழுமலையின் ஆட்டோவில் திரும்புவார். ஏழுமலை குப்பத்துக்காரர், சாரிடம் படித்தவர். படித்தது கொஞ்சம், அடி வாங்கியது நிறைய என்று அவரே சொல்வார்.

அந்தக் கட்டடத்தில் ஒருநாள் பகல் வாட்ச்மேனை நிறுத்திவிட்டு முகம் பார்த்துத் திறக்கும் கேட் வைத்தார்கள். சார் எனக்கு போன் செய்தார். “ரெஜினா, மூஞ்சியக் குடுன்றாங்கம்மா. குடுக்கலாமா?”

“குடுக்காதீங்க சார். பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். முகம் போனா மாத்த முடியாது.”

“இந்த மூஞ்சிய வச்சு என்னத்தப் பண்ணப்போறான்?” என்று சிரித்தார். கேமரா முன்னால் நிற்கச் சோம்பல். ஓய்வு பெற்ற அன்று தி. நகர் ஸ்டூடியோவில் கோட் போட்டு எடுத்த படம் ஒன்று இருந்தது. கன்னம் பூரித்து, முடியைப் படிய வாரி, யாரையோ வகுப்பில் பிடித்துவிட்ட மாதிரி பார்வை. வாழ்நாளில் அவர் நன்றாக விழுந்த ஒரே படம். அதையே ஏற்றிவிட்டார்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. அடையாற்றிலேயே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆட்டோவில் போய் வர ஆரம்பித்தார். முடி கொட்டியது, கன்னம் ஒட்டியது. கேட்டுக்கு அவரைத் தெரியாமல் போயிற்று.

ஊசி போட்டுக்கொண்டு வந்து வெயிலில் நிற்பார். “மன்னிக்கவும், உங்களை அடையாளம் தெரியவில்லை” என்று அது சொல்லும். ஏழுமலை ஹாரன் அடிப்பார். மூட்டுவலியோடு அக்கா இறங்கிவந்து கையால் தள்ளித் திறப்பார். கேட்டில் ஏற்றிய படத்தை மாற்றச் சொல்லிக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னார்கள். செய்கிறோம் என்றார், செய்யவில்லை. ஒருநாள் சார் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா பிலோ, நான் போறதுக்கு முன்னாடியே இது என்னை மறந்துடுச்சு” என்றாராம். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இப்போ தினம் தொறக்குது ரெஜினா. அப்படின்னா என்ன அர்த்தம்? அவருக்குப் பழைய முகம் திரும்பக் கெடச்சிடுச்சு. வலி இல்லாத முகம். நம்ம விசுவாசம் அதுதானே? கடைசி நாள்ல எல்லாரும் நல்ல உடம்போட எழுந்து வருவோம்னுதானே சொல்லிக் குடுத்தாங்க?”

“கீழ போய்ப் பாத்தீங்களாக்கா?”

“எதுக்குப் பாக்கணும்? நம்ம சாந்தோம் புனிதர், உயிர்த்து வந்த ஆண்டவரைத் தொட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சந்தேகப்பட்டு வாங்கின பேரு போதும்.”

மகன் பேசினான்

கனடாவிலிருந்து அருள் கூப்பிட்டான். அக்காவின் ஒரே மகன். அதே செய்தி அவன் கைபேசிக்கும் வந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது விடியற்காலை. தினமும் அப்பா வீட்டுக்கு வந்தார் என்ற செய்தியில்தான் அவன் கண் விழித்தான்.

“ஆன்ட்டி, மெஷின் தப்பே பண்ணாதாம். செக்ரட்டரி சொல்றாரு. அம்மாதான் போன்ல எதையோ அழுத்தி கேட்டைத் தொறக்குறாங்கன்றாரு. மூணு கப்பு டீ போடுறாங்களாமே? எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல. கோயம்புத்தூர்ல ஒரு நல்ல ஹோம் பாத்திருக்கேன். கிறிஸ்துமஸுக்கு வந்து விட்டுட்டு, ஃபிளாட்டை வித்துடலாம்னு இருக்கேன்.”

அவன் கெட்ட பிள்ளை இல்லை. பயந்துபோன பிள்ளை. எனக்கும் பயம்தான். கணக்கில் அரை மதிப்பெண்ணுக்கு என்னை அரைமணி நேரம் நிற்கவைத்த பிலோ அக்காவை, புத்தி பேதலித்தவர் என்று ஊர் மாற்றி விடுவதா?

கேட் நிறுவனத்துக்கு எழுதினேன். மாலையில் உள்ளே வருவது யாரென்று படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. முகத்தை ஒப்பிட்ட மறுநொடியே படத்தை அழித்துவிடுவார்களாம். தனியுரிமைக் கொள்கையாம். எத்தனை மேடைகளில் நான் தொண்டை வறளக் கேட்ட விஷயம் அது! தலையில் அடித்துக்கொண்டேன்.

தூறலில் ஒரு முகம்

வேறு வழியில்லை. மறுநாள் மாலை கேட்டுக்கு எதிரே மரத்தடியில் குடையோடு நின்றேன்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஆற்றோரத் தோப்பிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கிளம்பி, சத்தமே இல்லாமல் தலைக்குமேல் போயின. தூறல். தெருவிளக்கு எரியலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வயதில், இத்தனை படித்துவிட்டு, செத்துப்போன ஒருவருக்காகத் தெருவில் காத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வந்தாலும் வருவார் என்று ஒரு எண்ணம்.

கேட்டின் பச்சை விளக்கு எரிந்தது. “நல்வரவு, சவரிமுத்து” என்றது அந்தப் பெண்குரல். கம்பிக்கதவு தானாக நகர ஆரம்பித்தது.

நான் திரும்பினேன். ஒற்றை விளக்கோடு ஏதோ வந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு மேலே, தூறலுக்குள், சவரிமுத்து சாரின் முகம் மிதந்து வந்தது. பூரித்த கன்னம். படிய வாரிய முடி. தண்ணீர் அந்த முகத்தின்மேல் வழிந்தது. ஒரு கறுப்புக் கை வந்து அதைத் துடைத்தது. மறுபடி வழிந்தது, மறுபடி துடைத்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து உள்ளே போனார்.

குடை என் கையில் இல்லை. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. பின்விளக்கின் சிவப்பைப் பார்த்த பிறகுதான் அது ஆட்டோ என்று மூளைக்கு எட்டியது.

ஏழுமலையின் ஆட்டோ. முன்கண்ணாடியின் உள்பக்கம், இடது ஓரத்தில், ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வெளியே பார்த்து ஒட்டியிருந்தது. அருள் அச்சடிக்கக் கொடுத்ததும் அதே தி. நகர் ஸ்டூடியோ படம். துடைத்த கை, மழைத்துடைப்பான்.

ஆட்டோவிலிருந்து மயிலாப்பூர் பாட்டு டீச்சர் ஒருவர் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கினார். மூன்றாம் மாடிக்குப் பாட்டு சொல்லித்தர வருபவர். “நன்னா வச்சிருக்கா கேட்டை. வண்டியப் பாத்ததும் தானே திறந்துண்டு வழி விடறது!” என்று என்னிடம் பாராட்டிவிட்டு லிஃப்டுக்குப் போனார். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை.

ஏழுமலை என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். “இன்னா மேடம், பேயப் பாத்த மாரி நிக்கிற?”

“இதை எப்ப ஒட்டினீங்க?”

“சாரு போன ரெண்டு மாசத்துக்கு அப்பால. போஸ்டர் ஒண்ணு மிச்சம் கீதேன்னு ஒட்டிக்கினேன். கடசி வரைக்கும் நம்ம வண்டிலதானே வந்துக்கினு போய்க்கினு இருந்தாரு. ஏன், தப்பா?” என்றவர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். “முன்னெல்லாம் ஹாரன் அட்ச்சு அட்ச்சு கை வலிக்கும். இப்போ தானா தொறக்குது. டீச்சரம்மாதான் நமக்கோசரம் சொல்லி வச்சிக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆட்டோவை ஒரு படம் எடுத்தேன். பிறகு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஒரு கோப்பை டீ தட்டு மூடி ஆறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அக்காவின் வீடு அவரிடம் இருக்கும், ஆனால் சார் மறுபடியும் செத்துப்போவார். இந்தமுறை கொல்வது நான். சொல்லாமல் விட்டால் அக்கா தினமும் சந்தோஷமாகக் கதவைத் திறந்துவைப்பார், கிறிஸ்துமஸ் வரைக்கும். அழுகை வந்தது. அழுதேன்.

பிறகு மேலே போய்ச் சொன்னேன்.

நேரில் வரவேண்டும்

அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கணக்கின் விடையைச் சரிபார்ப்பவர் போல விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஸ்டூடியோ படம்” என்றார் கடைசியில்.

“ஆமாக்கா.”

“அப்போ அது அவரைக் கண்டுபிடிக்கல. படத்தைத்தான் கண்டுபிடிச்சிருக்கு.” கோப்பையின் தட்டை எடுத்து, ஆடை படிந்த டீயைத் தொட்டியில் ஊற்றினார். “உயிரோட வெயில்ல நின்னவரைத் தெரியாதுன்னு சொல்லிச்சு ரெஜினா. காகிதத்துக்கு நல்வரவு சொல்லுது. அது வாயால அவரு பேரைச் சொல்ல வேணாம். எடுத்துடச் சொல்லு.”

அருளுக்குப் படத்தை அனுப்பினேன். பிறகு, “அப்பா நல்லா இருக்காரு ஆன்ட்டி” என்று மட்டும் எழுதினான். சற்றுக் கழித்து, “ஹோம் வேணாம்” என்றான்.

முகத்தை நீக்குவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. நிறுவனத்தின் பையன் போனில் சொன்னான், “சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்து கேமரால முகத்தைக் காட்டி சம்மதம் குடுக்கணும் மேடம். அதுதான் ரூல்.”

“அவர் இறந்துட்டாருப்பா!”

“அப்போ சர்டிபிகேட் அனுப்புங்க. ஹெட் ஆபீஸ்ல பாத்து முடிவு பண்ணுவாங்க. நாளாகும்.”

சம்மதம் என்ற சொல்லின்மேல் நான் புத்தகமே எழுதியிருக்கிறேன். சுதந்திரமான சம்மதம், தெளிவான சம்மதம், திரும்பப்பெறக்கூடிய சம்மதம். இறந்தவர் நேரில் வந்து தரும் சம்மதம் அதில் இல்லை. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என் கையைத் தட்டினார்.

“நேர்ல வரணும், அவ்ளோதானே? சாயந்தரம் வருவாரே.”

அன்று மாலை அக்கா வெள்ளைப் புடவையை மாற்றி, சாருக்குப் பிடித்த நீலப் புடவை கட்டிக்கொண்டு இறங்கினார். வழக்கமான நேரத்துக்கு ஏழுமலை வந்தார். மழை விட்டிருந்தது. ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றதும், முகத்தை நீக்கும் கோரிக்கையை அக்காவின் கைபேசியில் அழுத்தினேன். கேமரா சாரைப் பார்த்தது, சார் கேமராவைப் பார்த்தார். கைபேசித் திரையில், ‘சவரிமுத்து, உங்கள் முகத்தை நிரந்தரமாக நீக்கச் சம்மதமா?’ என்ற கேள்வி வந்தது. அக்கா முகம் திருப்பாமல் ஆம் என்பதைத் தொட்டார்.

‘நன்றி, சவரிமுத்து. இனி உங்களை எங்களுக்குத் தெரியாது’ என்று வந்தது. எந்த மடையன் எழுதிய தமிழோ.

பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. “மன்னிக்கவும், உங்களை அடையாளம் தெரியவில்லை” என்றது கேட். ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. “எடுத்துடட்டா டீச்சரம்மா, போஸ்டர?” என்று கேட்டார்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். நான் உதவிக்கு நகர்ந்தேன், வேண்டாமென்று தலையசைத்தார். இரண்டு கைகளாலும் அந்தக் கம்பிக்கதவைப் பிடித்து, மூச்சு வாங்கத் தள்ளித் திறந்தார். ஓரமாக ஒதுங்கி நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“வாங்க” என்றார், ஆட்டோவைப் பார்த்து. “நான் இருக்கேன். உள்ள வாங்க.”